பசறைத் தட்டில் என் பென்சில்

போன மாதம் பண்டாரவளையிலிருந்து இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். பதுளை வரைக்கும் ரயில் வந்த பிறகு ஸ்டூடியோ திறந்தவர்கள். கோட்டுப் பையில் அடங்குகிற கமரா ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, இதில் கண்ணாடித் தட்டே கிடையாது, எல்லாம் சுருள்தான் என்று பெருமைப்பட்டார்கள். வாங்கிப் பார்த்தேன், நல்ல சாமான்தான். பிறகு மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்கு இந்தத் தொழிலில் கண் எப்படி வந்தது, அதைக் கொஞ்சம் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். அப்பாவிடமிருந்து வந்தது என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பதுளைக் கடைத்தெருவில் என் அப்பாவின் பேச்சை எடுத்தால் இப்படித்தான் பார்ப்பார்கள். பசறைக் கேஸில் தோட்டத்துப் பெரிய கங்காணி பக்கம் சாய்ந்து, செத்துப்போன பெண்ணின் கழுத்தில் இருந்த விரல் தடத்தைப் படத்திலிருந்து அழித்த மனுஷன் என்று அவருக்குப் பெயர். செத்து இத்தனை வருஷமாகியும் அந்தப் பெயர் சாகவில்லை.

நான் கோபக்காரி. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீரைக் கொடுத்து அனுப்பிவிட்டு, காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். ஸ்டூடியோவை மூடி ஒரு வருஷமாகிறது. இனி யார் என்னிடம் படம் எடுக்க வராமல் போனாலும் எனக்கு நட்டமில்லை. அதனால் எழுதுகிறேன். அந்தக் கழுத்தைத் துடைத்தது என் அப்பா இல்லை, நான்.

அப்பா திருச்சிப் பக்கத்துக்காரர். கண்டியில் ஒரு பறங்கியரின் ஸ்டூடியோவில் தட்டு கழுவப் போய், ஏழெட்டு வருஷத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஊவா மலைத் தோட்டங்களில் கோப்பி செத்துத் தேயிலை வந்த சமயத்தில் பதுளைக்கு ஏறினார். கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்குப் பின்னால், கூரையில் வடக்குப் பக்கம் கண்ணாடி பதித்த நீளக் கொட்டகை. முன்பாதி ஸ்டூடியோ, பின்பாதி எங்கள் வீடு. எனக்கு ஏழு வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். என்னை விட்டுப்போக வீட்டில் ஆளில்லை. அதனால் அப்பா போகிற தோட்டமெல்லாம் நானும் போனேன். மாட்டு வண்டியில் கமராப் பெட்டி, முக்காலி, தட்டுப் பெட்டி, அப்புறம் நான். இறங்கும்போது என்னைத்தான் முதலில் தூக்கி இறக்குவார் என்று எழுத ஆசைதான். உண்மையில் முதலில் இறங்குவது தட்டுப் பெட்டி.

கமராவின் பின்பக்கம் ஒரு மங்கல் கண்ணாடி இருக்கும். எதிரில் நிற்பவர்கள் அதில் தலைகீழாகத் தெரிவார்கள். அப்பா என்னை ஒரு பெட்டிமேல் ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தன் தலைக்குப் பக்கத்தில் என் தலையையும் நுழைத்துக்கொண்டு, "என்ன தெரியுது?" என்பார். ஒரு ஆள் தலைகீழாக நிற்கிறார் என்பேன். "இன்னும் என்ன?" என்பார். தலைப்பாகை, கோட்டு, செருப்பில்லாத கால் என்று அடுக்குவேன். "இன்னும் என்ன?" உள்ளே புழுக்கம் தாங்காது. அப்பாவின் புகையிலை நாற்றம் வேறு. இந்த மனுஷனுக்கு வேறு கேள்வியே தெரியாதோ என்று எனக்கு எரிச்சலாக வரும். பதிலை மட்டும் அவர் ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை.

இப்படி இரண்டு வருஷம் போயிருக்கும். லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், கங்காணி ஒருவர் தன் ஆட்களையெல்லாம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நிறுத்திக் கூட்டமாகப் படம் எடுக்கச் சொன்னார். துணிக்குள் அப்பா வழக்கம்போலக் கேட்டார். மூன்றாவது வரிசையில் நிற்கிற அக்கா இடது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருக்கிறாள், எல்லாரும் கையைக் கட்டும்போதுகூட அவள் எடுக்கவில்லை என்று சொன்னேன். அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. துணியிலிருந்து வெளியே வந்து நேராக அவளிடம் போனார். கமராவுக்கு இடைஞ்சல் என்று ஏதோ சாக்குச் சொல்லித் தன் குடையை மடக்கிக் கொடுத்து, முந்தானையோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு எல்லாரையும் பார்த்து, இன்றைக்கு யார் அதிக ராத்தல் கொழுந்து எடுத்தது என்று கேட்டார். ஆளாளுக்கு வாயைத் திறந்து, சண்டை பிடித்து, சிரித்து அடங்குகிற நேரத்தில் கமரா மூடியைக் கழற்றினார். அந்த அக்காவின் இடது கையில் இரண்டு விரல் இல்லை. தேயிலைச் செடியைத் தறிக்கிற கவ்வாத்துக் கத்தி வெட்டியது என்று பிற்பாடு தெரிந்தது. படத்தில் அவள்தான் எல்லாரையும்விட நிமிர்ந்து நின்றாள்.

திரும்பி வரும்போது வண்டியில் அப்பா சொன்னார்: "ஒரு ஆளு எதை மறைக்கப் பாக்குதோ, அதை நீ முதல்ல பாத்துடணும் பாப்பா. பாத்துட்டு, மறைக்கிறதுக்கு நாமளும் ஒத்தாசை பண்ணணும். நம்ம தொழில் அவ்வளவுதான்."

எனக்கு அது வேதவாக்காகிவிட்டது. அதற்குப் பிறகு மனிதர்களை நான் வேறு மாதிரிப் பார்த்ததே இல்லை. சொத்தைப் பல்லை உதட்டால் மூடுகிறவர், கிழிந்த ரவிக்கையின் மேல் மாலையை இழுத்து விடுகிறவள், அம்மை வடுவுக்காக ஒரு பக்கமாகவே திரும்பி நிற்கிற மாப்பிள்ளை, எல்லாரும் கதவு திறந்து வருகிறபோதே என் கண்ணில் பட்டுவிடுவார்கள். அப்பாவின் கண் எனக்கு வந்துவிட்டது என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்பாவும் அதைக் கேட்டு மீசைக்குள் சிரிப்பார்.

பதின்மூன்று வயதில் நான் பெரியவளானேன். அதோடு வண்டியும் தோட்டமும் போயிற்று. பின்கட்டைத் தாண்டி வெளியே வரக்கூடாது. அழுது தீர்த்தேன். அப்பா அதைப் பார்க்கச் சகிக்காமல், ஜன்னலோரம் ஒரு சாய்வு மேசை செய்து போட்டு, அதுவரை தான் செய்துவந்த பென்சில் வேலையை என்னிடம் கொடுத்தார்.

அது என்ன வேலை என்று இந்தச் சுருள் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் தட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பெல்லாம் படத்தில் கறுப்பாக விழும். வெற்றிலை போட்ட வாய் கரி அப்பியதுபோல வரும். நேரில் கண்ணுக்கே தெரியாத கன்றல், தோலுக்கு அடியில் கட்டின இரத்தம், அதெல்லாம்கூடத் தட்டில் தப்பாது. படத்தில் கறுப்பாக வரப்போகிற இடம் தட்டில் வெறும் கண்ணாடியாக இருக்கும். அதன்மேல் டர்பன்டைனில் கரைத்த குங்கிலியத்தைத் துணியால் மெல்லத் தேய்த்து, காய்ந்ததும், ஊசிபோலச் சீவின கடினப் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து நிரப்ப வேண்டும். கோடு இழுக்கக் கூடாது. அழுத்தவும் கூடாது. மேசைக்கு அடியில் இருக்கிற முகம்பார்க்கும் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை வாங்கித் தட்டுக்குக் கீழிருந்து அடிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கன்னத்துக்கு ஒரு மணி நேரம். நன்றாகச் செய்தால் அங்கே பென்சில் பட்டதே தெரியாது.

செத்தவர்களின் படத்துக்கு இந்த வேலை கட்டாயம். ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு அனுப்புவதற்காக, கொஞ்சம் வசதியுள்ள தோட்டக் குடும்பங்கள் பிணத்தைப் படம் எடுத்துக்கொள்வார்கள். நான் கூடப் போன காலத்தில் பார்த்திருக்கிறேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போவார். செத்தவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உயிரோடிருப்பவரிடம் சொல்வதுபோலவே, "கொஞ்சம் முகத்தைத் திருப்புறேங்க" என்று சொல்லித் தொடுவார். வீட்டுக்கு வந்து, ஒட்டின கன்னத்தையும் கண்ணுக்குக் கீழிருக்கும் கறுப்பையும் பென்சிலால் எடுத்துவிடுவார். பார்க்கிறவர்கள் தூங்குகிறாள் என்று நினைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

எனக்குப் பதினைந்து வயது நடக்கும்போது பசறை வேலை வந்தது. நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் அஞ்சலை என்று ஒரு பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள், செத்துக் கிடந்தாள். தண்ணீர் எடுக்கப் போனவள் ஓடையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான் புருஷன். அவன் பெரிய கங்காணியின் தம்பி மகன். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரும் அப்படியே எழுதிவிட்டார். ஆனால் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து செய்தி கேட்டு நடந்தே வந்த அவள் தாய் மூக்காயி, குளிப்பாட்டும்போது மகளின் கழுத்தைப் பார்த்திருக்கிறாள். விரல் தடம் இருக்கிறது என்று சொல்லி, அப்படியே பசறை பொலிஸுக்கு நடந்துவிட்டாள். மழையில் ரோட்டு உடைந்து பெரிய டாக்டர் வர முடியவில்லை. பிணத்தை வைத்திருக்கவும் முடியாது. அதனால் பொலிஸ் சார்ஜன் ஒருவர், புதைப்பதற்கு முன்னால் ஒரு படமாவது இருக்கட்டும் என்று அப்பாவைக் குறுக்குப் பாதையில் நடத்திக் கூட்டிப் போனார். பொலிஸுக்கு அப்பா வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அப்பா பிற்பகலில் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தார், நேராக இருட்டறைக்குள் போய்த் தட்டைக் கழுவி, காய வைத்துவிட்டு, பாயில் விழுந்தார் என்பதுதான். காட்டுக் காய்ச்சல். மூன்று நாள் நினைவில்லாமல் பிதற்றினார். மறுநாள் காலை ஒரு பொலிஸ்காரர் வந்து, சாயங்காலத்துக்குள் படம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வீட்டுக்காரர் சாவுக்குக்கூடப் பொலிஸ்காரர்தான் செய்தி கொண்டுவருகிற ஊர் இது. அதனால் அவர் ஏன் வந்தார் என்று நான் யோசிக்கவில்லை. அப்பாவின் ஓடர் புத்தகத்தில், 'பசறை, பெண் பிணம், ஒரு தட்டு' என்று மட்டும் எழுதியிருந்தது. எல்லாச் சாவுக்கும் அவர் அப்படித்தான் எழுதுவார்.

தட்டை மேசையில் வைத்தேன். என் வயதை விட நாலைந்து வயது கூடியவள். அழகான முகம். கயிற்றுக் கட்டிலை லயத்து வீட்டுக்கு வெளியே இழுத்துப் போட்டு, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிற மாதிரி அப்பா எடுத்திருந்தார். கழுத்தில் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் நாலு என்று வெறும் கண்ணாடியாக நீள நீளமாக ஐந்து இடம். முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். பாவம், பெற்றவர்கள் இதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. அப்பா சொன்னபடி பார்த்தாயிற்று, இனி ஒத்தாசை பண்ண வேண்டியதுதான். மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். அன்றுவரை நான் செய்த பென்சில் வேலையிலேயே சிறந்தது அது. வெயிலில் வைத்துப் படம் போட்டு, கழுவி, அட்டையில் ஒட்டி, சாயங்காலம் பொலிஸ்காரரிடம் கொடுத்தேன். அப்பா எழுந்ததும் காட்டிப் பாராட்டு வாங்க வேண்டும் என்றிருந்தேன். அவர் எழுந்தபோது அவருக்கு நிற்கவே தெம்பில்லை. படம் போய்விட்டதா என்று மட்டும் கேட்டார். போய்விட்டது என்றேன்.

பத்து நாள் கழித்துப் பதுளை நீதிமன்றத்தில் விசாரணை. அதற்குள் ரோட்டைச் சரிசெய்து டாக்டர் போய், தோண்டி எடுத்துப் பார்த்து, இத்தனை மழையில் ஊறிய உடம்பில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார். மிச்சமிருந்தது படம் ஒன்றுதான். மூக்காயி கூண்டில் ஏறி, விரல் தடத்தைப் பார்த்தேன், என் கையால் தொட்டேன் என்றாள். புருஷன் தரப்பு வக்கீல் படத்தை அவள் கையில் கொடுத்து, எங்கே காட்டு என்றார். அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என் மகள் கழுத்து இல்லை என்றாளாம். சபையில் சிலர் சிரித்தார்களாம்.

அடுத்தது அப்பா. படத்தைக் கையில் வாங்கினதும் அவருக்குப் புரிந்துவிட்டது. நீதவான் வெள்ளைக்காரர். அதட்டிப் பேசாதவர், மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பவர் என்று அப்பா பின்னால் சொல்லியிருக்கிறார். தட்டைக் கொண்டுவர அனுமதி கேட்டதும், மத்தியானம்வரை நேரம் கொடுத்தார்.

அப்பா கொட்டகைக்குள் நுழைந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் தட்டை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். 

"இது நீ செஞ்சதா பாப்பா?"

"ஆமாங்கப்பா. நல்லா இருக்குங்களா?"

"நல்லா இருக்கு" என்றார். "என்னாலகூட இவ்வளவு நல்லா செய்ய முடியாது."

பிறகு டர்பன்டைனில் துணியை நனைத்து அந்தக் கழுத்தைத் துடைத்தார். என் புள்ளியெல்லாம் கரைந்து போய், ஐந்து விரலும் திரும்ப வந்தன. துடைத்துக்கொண்டே, அந்தப் பெண் யார், அது என்ன தடம், இப்போது கோர்ட்டில் என்ன நடக்கிறது என்று சொன்னார். அன்றைக்குக் கட்டிலைச் சுற்றிக் கங்காணி ஆட்கள் நின்றதால் வாயைத் திறக்கவில்லை, படத்தைக் கொடுக்கும்போது சார்ஜனிடம் சொல்லலாம் என்றிருந்தேன், காய்ச்சல் வந்துவிட்டது என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். 

அவசரமாகப் புதுப் படம் போட்டார். தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பும்போது, "யாரு பென்சில் வச்சதுன்னு கேப்பாங்க. நான்தான்னு சொல்லிக்கிறேன். வயசுப் புள்ள, நீ கூண்டுல ஏறக் கூடாது" என்றார். இல்லை, நானும் வருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை. அதை இன்றைக்கு மறைப்பானேன், அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த ஒரு பொய்யில் கேஸ் போயிற்று. விவரம் தெரியாத ஒரு பெண்பிள்ளை, வழக்கமான வேலை என்று நினைத்துச் செய்துவிட்டாள் என்று சொல்லியிருந்தால் நீதவான் ஒருவேளை நம்பியிருப்பார். அப்பா நான்தான் செய்தேன் என்றதும் வக்கீல் எழுந்துவிட்டார். கட்டில் பக்கத்தில் நின்று தடத்தைக் கண்ணால் பார்த்த ஆள் நீர்தானே, அப்புறம் எதற்காக அழித்தீர்? அழித்தவர் இன்றைக்கு எதற்காகத் திரும்பக் கொண்டுவருகிறீர்? பென்சிலால் அழிக்கத் தெரிந்தவருக்குக் கத்தியால் சுரண்டித் தடம் போடத் தெரியாதா?  நீதவான் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கை வைத்த தட்டை நம்பி ஒரு ஆளின் கழுத்துக்குக் கயிறு போட முடியாது என்று சொல்லிவிட்டார். புருஷனை விட்டுவிட்டார்கள். அவன் கடைத்தெரு வழியாகத்தான் போனான். எங்கள் கொட்டகையைத் தாண்டும்போது அவனோடு வந்தவர்கள் அப்பாவுக்குக் கும்பிடு போட்டார்கள். ஊர் அதைப் பார்த்தது. அப்புறம் ஊருக்கு வேறு சாட்சி எதற்கு?

அதற்குப் பிறகு பொலிஸ் அப்பாவைக் கூப்பிடவில்லை. தோட்டத்துச் சனம் சாவுக்கு அவரை அழைப்பதை நிறுத்திவிட்டது. அவர் ஒருநாளும் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. கறுப்புத் துணிக்குள் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டார். வாசல் பக்கமே உட்கார்ந்திருப்பார். ஒன்பது வருஷம் அப்படி இருந்து செத்துப்போனார்.

தொழில் நடந்தது என்னால்தான். பதுளையிலும் பண்டாரவளையிலும் முஸ்லிம் வியாபாரிகளின் வீடுகளில் பெண்கள் அந்நிய ஆண் முன்னால் வரமாட்டார்கள். கமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பெண் ஒருத்தி தேவைப்பட்டாள். அப்படித் தொடங்கி முப்பது வருஷம் உழைத்தேன். எத்தனையோ கல்யாணப் பெண்கள், எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகள். பசறைக் கேஸோடு பென்சிலை முறித்துப் போட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பொய். கடைசிவரை பென்சில் பிடித்தேன், அதில்தான் சாப்பிட்டேன். யாருக்குப் போகிற படம் என்று கேட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அழகான வேலையை எல்லாரும் புகழ்ந்தார்கள். புகழும்போதெல்லாம் நான் படத்தை உறையில் போட்டு நீட்டிவிடுவேன்.

இன்னும் ஒன்று சொல்லாமல் இருக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

கேஸ் முடிந்த நாலாம் நாள் மூக்காயி எங்கள் கொட்டகைக்கு வந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தேன். அவள் முக்காட்டை எடுத்துவிட்டு, வாசலுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்துகொண்டாள். மகளோட படம் ஒன்று வேண்டும், பார்த்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை என்றாள். அப்பா உள்ளே போய், கோர்ட்டில் திருப்பிக் கொடுத்திருந்த இரண்டு படத்தையும் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். ஒன்றில் தடம் இருந்தது, ஒன்றில் இல்லை. நான் பின்கட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தடம் இல்லாத படத்தைத்தான் அவள் முதலில் எடுத்தாள். விரலால் அந்தக் கழுத்தை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு முந்தி இப்படித்தான் இருந்தா" என்றாள். அப்புறம் அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "இதை யாருங்கய்யா தொடச்சது?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா" என்றார் அப்பா.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அங்கே நீதவான் இல்லை, கூண்டு இல்லை, ஊர் இல்லை. ஒரு தாய் மட்டும்தான் இருந்தாள். என்னால் முடியவில்லை. அவள் அந்தப் படத்தைக் கீழே வைத்துவிட்டு, தடம் இருந்த படத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எழுந்து படியிறங்கப் போனவள் என்னைப் பார்த்து நின்றாள். அவள் மகளைவிட நாலைந்து வயது சின்னவள் நான். அவள் முகத்தில் கோபமே இல்லை.

"தாயி, உங்க அப்பாருகிட்ட எது வேணும்னாலும் கத்துக்க. இந்தத் தொடைக்கிற வேலைய மட்டும் கத்துக்காத" என்றாள்.

சரிங்கம்மா என்று தலையாட்டினேன்.